செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

அத்தியாயம் 6

"மூணு மணிக்கு விசாரணை. இப்ப மணி பதினொண்ணு. என் மருமகளைக் காப்பாத்த முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க. மத்த கதையெல்லாம் எனக்கு வேண்டாம்."

சொல்லிக்கொண்டே ஒரு கட்டுத் தாளை எங்கள் முன்னால் தொப்பென்று போட்டார் ஜெராக்ஸ் அம்மா. தாள் இன்னும் மிஷின் சூட்டோடு இருந்தது.

கடை பத்தடிக்கு எட்டடிதான். இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பைண்டிங் மிஷின், மிச்ச இடமெல்லாம் தாள் கட்டுகள். அதில் ஒரு கட்டின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மருமகள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட். அங்கே எல்லாரும் அவரை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறார். வீட்டில் இருப்பது இந்த மாமியாரும் மருமகளும் மட்டும்தான்.

எங்கள் துப்பறியும் பீரோவில் இருக்கும் கேஸ்களில் முக்கால்வாசி, மாமியார் மேல் மருமகள் கொடுத்தது. மீதி கால்வாசி, மருமகள் மேல் மாமியார் கொடுத்தது. மருமகளுக்காக மாமியார் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"பாஸ், இந்தக் கேஸுக்கு ஃபீஸ் வாங்கினா பாவம் சேரும்," என்று காதைக் கடித்தேன்.

"வாலு, சும்மா இரு," என்றார் பாஸ்.

என் பெயர் வாலு இல்லை. நான்கு வருடமாக அவரிடம் வேலை செய்வதில் என் சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீசில் இருபது வருடம் பொய்க் காயங்களைக் கண்டுபிடித்த மனிதர் அவர். கட்டுப்போட்ட காலோடு வருகிறவனைப் பார்த்து, "தம்பி, போன வாரம் இடது கால்லன்னு எழுதியிருந்தீங்களே?" என்று கேட்பாராம். தாளைப் பார்த்தால் போதும், மனிதருக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

விஷயம் இதுதான். ஊருக்குப் புதிதாகப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போகிறார்கள். எந்த முறையில் கட்டுவது என்று முடிவு செய்ய, மூன்று முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். காற்று ஊதும் தொட்டி ஒன்று, சவ்வு வடிகட்டி ஒன்று, நாணல் படுகை ஒன்று. வாரம் இரண்டு தடவை லேப் அக்கா மூன்றிலிருந்தும் தண்ணீர் எடுத்துச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். மொத்தம் ஐம்பத்திரண்டு பதிவு. அதை வைத்துச் சவ்வுதான் சிறந்தது என்று அறிக்கையும் போய்விட்டது.

அப்புறம் தணிக்கைக்கு வந்த ஒரு ஆள் வாசலில் இருக்கும் சாவிப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். பதிவேட்டில் பதினோரு சோதனைகளின் முடிவு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததாக இருக்கிறது. சாவிப் புத்தகத்தின்படி எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாரும் லேப் சாவியை வாங்கவே இல்லை. பூட்டிய அறைக்குள் யார் போய்ப் பார்த்தது? லேப் அக்கா வீட்டில் உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறார், சவ்வுக் கம்பெனிக்காரன் நல்ல வேலை தருவதாக ஆசை காட்டியிருக்கிறான் என்று ஊரே பேசுகிறது. இன்று நிரூபணம் ஆனால் வேலை போகும், கையோடு போலீஸ் கேஸும் வரும்.

"இவ பொய் எழுத மாட்டா," என்றார் ஜெராக்ஸ் அம்மா. "கல்யாணமான புதுசுல என் சமையல் எப்படி இருக்குன்னு கேட்டேன். மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லன்னு சொன்னவ. அப்பலேருந்து எனக்கு இவமேல ஒரு நம்பிக்கை."

எனக்குச் சிரிப்பு வந்தது. லேப் அக்கா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீங்க எழுதினீங்களா?" என்று பாஸ் நேராகவே கேட்டார்.

லேப் அக்கா முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மூணு நாளா இப்படித்தான். ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்திருக்கா," என்றார் மாமியார். உடனே மிஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சுத்திகரிப்பு நிலையத்து வாசலிலேயே என் மூக்கு ராஜினாமா செய்துவிட்டது. பாஸுக்கு நிரந்தர மூக்கடைப்பு. "நல்ல காத்தோட்டமான இடம்," என்று சொல்லிக்கொண்டே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். நான் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

எங்களைச் சுற்றிக் காட்டியவர் பம்ப் ஆபரேட்டர். மோட்டார் அண்ணன் என்று பெயர். காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை.

"இது காத்துத் தொட்டிங்க. அடியிலேருந்து காத்தை ஊதுவோம். உள்ள இருக்கற நுண்ணுயிரு மூச்சு விட்டு, அழுக்கைத் தின்னும். ஊதறதை நிறுத்தினா அதுங்க மயங்கிடும். அதனால ராப்பகலா ஓடணும்."

தொட்டி பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த கொட்டகையில் ஏதோ ஒன்று ஒரே சுருதியில் உறுமியது.

"இது சவ்வு. கண்ணுக்கே தெரியாத ஓட்டை வழியாத் தண்ணியை உறிஞ்சி இழுக்கும். வெளிய வர்ற தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், பாருங்க." ஒரு டம்ளரில் பிடித்துக் காட்டினார். நிஜமாகவே கண்ணாடிதான். "ஆனா கரன்ட்டை அள்ளித் தின்னும். மருந்து போட்டுக் கழுவிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா அடைச்சுக்கும். பணக்கார வீட்டு மாப்பிள்ளை மாதிரி, கவனிப்புல ஒரு நாள் குறைஞ்சாலும் கோவிச்சுக்கும்."

மூன்றாவது, ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு நாணல். பச்சைப்பசேலென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அடியில் சரளைக்கல். அங்கே சத்தமே இல்லை.

"இதுக்குச் சுவிட்சே கிடையாதுங்க. மேட்டுலேருந்து தண்ணி தானா இறங்கும், வேரு வழியா மெதுவாப் போகும். உள்ள போற தண்ணி வெளிய வர மூணு நாள் ஆகும். இடமும் நிறைய வேணும். சவ்வு அளவுக்குச் சுத்தமா வராது, ஆனா வாய்க்கால்ல விடலாம்."

"அப்ப மூணு பேர்ல யாருண்ணே நல்லவர்?" என்றேன்.

"எந்த நாள்னு சொல்லுங்க, யாருன்னு சொல்றேன். கரன்ட் இருக்கற நாள்ல சவ்வுதான் ராஜா. கரன்ட் இல்லாத நாள்ல..."

"ஜெனரேட்டர் இருக்கே?" என்று பாஸ் கைகாட்டினார். ஆபீஸ் கட்டடத்தின் பின்னால் ஒரு பச்சைப் பெட்டி நின்றது.

"அது பெரிய சார் ரூம் ஏசிக்குங்க," என்றார் மோட்டார் அண்ணன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

லேப் ஒரே அறை. சன்னல் ஓரம் ஒரு கம்ப்யூட்டர். சுவரில் வரிசையாக ஆணி அடித்து, அதில் கண்ணாடிப் பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார்கள். மூலையில் குளிர்பெட்டி ஒன்று. இருபது டிகிரி என்று விளக்கு எரிந்தது.

"இந்தப் பெட்டிதாங்க எல்லாம். எடுத்த தண்ணியைப் பாட்டில்ல ஊத்தி, மூடி, அக்கா இருட்டுல தூங்க வைப்பாங்க. அப்புறம் எடுத்து ஏதோ பார்ப்பாங்க. அதெல்லாம் எனக்கு எங்க புரியுது? நான் இந்தக் கம்ப்யூட்டர்ல பம்ப் ஓடின நேரத்தை அடிக்கறதோட சரி."

பாஸ் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். லேப் அக்காவின் கையெழுத்து. 'எடுத்த நேரத்திலிருந்து சரியாக ஐந்து நாள். முன்னே பின்னே கூடாது.' அதன்கீழே, 'புதன் எடுத்தால் திங்கள். வெள்ளி எடுத்தால் புதன்.'

"என்ன பாஸ் கணக்கு இது?"

"பாட்டிலுக்குள்ள இருக்கற கிருமி அழுக்கைத் தின்னும்போது ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்னும். அஞ்சு நாள்ல எவ்வளவு தின்னதுன்னு பார்த்தா, தண்ணி எவ்வளவு அழுக்குன்னு தெரிஞ்சிடும். இன்சூரன்ஸ்ல ஒரு சோப்புக் கம்பெனி கேஸ் பார்த்தப்ப படிச்சேன்." சொல்லிவிட்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒரு முறை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஜெராக்ஸ் அம்மா கொடுத்த பதிவேட்டு நகலைப் பிரித்து, பதினோரு இடத்தில் விரலை வைத்து வைத்து எடுத்தார். அவர் காது சிவந்தது. துப்பு கிடைத்தால் அவருக்குக் காதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை அக்கா என்ன செய்வாங்க?"

"செவ்வாயா? பாட்டில் கழுவற நாளுங்க. அன்னிக்குத் தண்ணி பிடிக்க ஒரு பாட்டில் மிஞ்சாது, பெட்டியில இருக்கறது போக மீதி எல்லாம் அந்த ஆணியில தொங்கும். ஏன்னு எனக்குத் தெரியாது. அக்கா போட்ட சட்டம்."

பாஸ் என் பக்கம் திரும்பினார். "வாலு, ஊர்ல இருக்கறவன் எல்லாம் ஞாயித்துக்கிழமையைப் பிடிச்சுத் தொங்கறான். ஞாயித்துக்கிழமை முடிவு வரணும்னா தண்ணியை என்னிக்கு எடுத்திருக்கணும்?"

எண்ணிப் பார்த்தேன். "செவ்வாய்."

"லேப்ல வேலை செய்யற எவளாவது செவ்வாய்க்கிழமை தண்ணி எடுப்பாளா? அஞ்சாவது நாள் லீவுன்னு தெரியுமே! அதனாலதான் செவ்வாயைப் பாட்டில் கழுவ ஒதுக்கிட்டாங்க. இந்தப் பதினொண்ணும் செவ்வாய்க்கிழமை எடுத்ததா இருக்கு. அப்ப இதை எழுதினது யாரு?"

"இந்தச் சோதனையைத் தன் கையால செஞ்சே பார்க்காத ஒரு ஆள்!"

"அஞ்சைக் கூட்டத் தெரிஞ்ச ஆள். ஆனா கிழமை பார்க்கத் தெரியாத ஆள்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அந்த நாற்றத்திலும் எனக்கு பாஸைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மோட்டார் அண்ணன் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. மண்டையில் ஏறவில்லை. பாஸுக்கும் ஏறவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பெரிய இன்ஜினியர் தன் ஏசி அறையில் இரண்டே நிமிடம் ஒதுக்கினார்.

"பதிவேடு கம்ப்யூட்டர்லதானே? பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு சார்?"

"லேப்ல இருக்கற அம்மாகிட்ட. என்கிட்ட. வாரா வாரம் வரைபடம் எடுக்கறதுக்காகச் சவ்வுக் கம்பெனி ஆளுகிட்ட. ஏன்?"

"சும்மாதான் சார். நீங்க அந்த அஞ்சு நாள் சோதனை செஞ்சிருக்கீங்களா?"

"நான் இன்ஜினியருங்க. பாட்டில் கழுவறது என் வேலை இல்லை."

வெளியே வந்ததும் பாஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான்கு வருடத்தில் அவர் கண்ணடித்து நான் பார்த்ததே இல்லை.

ஜெராக்ஸ் கடைக்குப் போன் போட்டோம். லேப் அக்காவிடம் கொடுக்கச் சொன்னார் பாஸ்.

"ஒரே ஒரு கேள்விம்மா. நீங்க செவ்வாய்க்கிழமை தண்ணி எடுப்பீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"செவ்வாயைப் பார்த்துட்டீங்களா சார்?"

"பார்த்துட்டேன்."

"சந்தோஷம் சார்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

"பார்த்தியா? மூணு நாள் கழிச்சுப் பேசியிருக்காங்க. குரல்லயே நிம்மதி தெரியுது," என்றார் பாஸ்.

எனக்கு அது நிம்மதியாகப் படவில்லை. ஆனால் என் வாய் எல்லா நேரத்திலும் ஓடும், இந்த மாதிரி நேரத்தில் மட்டும் நின்றுவிடும்.

மூன்று மணிக்கு விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது நடுவில் இருந்த தலைவர் மட்டும்தான். ஓய்வு பெற்ற அதிகாரி. மனிதர் கெட்டவர் இல்லை. காகிதத்தில் இருப்பதை மட்டும் நம்புகிறவர், அவ்வளவுதான். பெரிய இன்ஜினியர் ஒரு பக்கம். லேப் அக்கா எதிர்ப் பக்கம். ஜெராக்ஸ் அம்மாவை உள்ளே விடவில்லை. வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். செவ்வாய் பாட்டில் கழுவும் நாள் என்று சாட்சி சொல்ல மோட்டார் அண்ணனைக் கையோடு அழைத்துவந்தது நாங்கள்தான். பொத்தான் இல்லாத இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டு வந்திருந்தார்.

பாஸ் எழுந்தார். நான் பார்த்த விசாரணைகளிலேயே அவர் மிக அழகாகப் பேசியது அன்றுதான். ஞாயிறிலிருந்து ஐந்து நாள் பின்னால் போனார். செவ்வாயைக் காட்டினார். குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைக் காட்டினார். மோட்டார் அண்ணன் எழுந்து, "ஆமாங்க, செவ்வாய்னா பாட்டில் எல்லாம் ஆணியிலதாங்க," என்றார்.

"ஆக, ஐயா," என்று பாஸ் முடித்தார், "இந்தப் பதினோரு பதிவையும் எழுதினவர் லேப்ல வேலை செய்யறவரா இருக்கவே முடியாது. இந்தச் சோதனை தெரியாத, ஆனா பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒருத்தர்தான் எழுதியிருக்கணும்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று மேஜைக்கு அடியில் பாஸின் காலை நான் மிதித்தேன்.

"நியாயமாத்தான் இருக்கு," என்றார் தலைவர். "பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க யார் யாரு?"

பெரிய இன்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, காலைல இவர் கேட்டப்ப எனக்கு ஞாபகம் வரலை. பம்ப் ஆபரேட்டரும் அதே கம்ப்யூட்டர்ல தினம் ஓடின நேரத்தை அடிக்கறார். அதே பாஸ்வேர்டு."

எல்லாத் தலையும் திரும்பியது. மோட்டார் அண்ணன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"சார், ஐயோ, எனக்கு அந்த டெஸ்டே தெரியாதுங்க!" என்றார்.

"அதைத்தான் இவர் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தார்," என்றார் தலைவர், பாஸைக் காட்டி.

பாஸ் துள்ளி எழுந்தார். "ஐயா, செவ்வாயைப் பத்தி எனக்குச் சொன்னதே இவர்தான்! செவ்வாயில எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச மனுஷன் ஏன் செவ்வாய்னு எழுதணும்?"

"பாட்டில் கழுவற நாள்னுதான் அவருக்குத் தெரியும். காரணம் தெரியாதுன்னு அவரே சொல்லிட்டார். ஏதாவது ஒரு நாளைப் போடணும்னு போட்டிருக்கலாம். நீங்க சொன்ன அடையாளம் எல்லாம் இவருக்குப் பொருந்துதா இல்லையா?"

"பொருந்தினாப் போதுமா ஐயா? இன்ஜினியருக்கும் பொருந்துது, கம்பெனி ஆளுக்கும் பொருந்துது!"

"அவங்க ரெண்டு பேரும் இந்தக் கம்ப்யூட்டர்ல எதையும் அடிச்சதா பதிவு இல்லை. இவர் தினமும் அடிச்சிருக்கார்." தலைவர் பேனாவை எடுத்துவிட்டார். "பேரு சொல்லுங்க, அப்பா பேரும் சேர்த்து."

மோட்டார் அண்ணனின் இரண்டு கையும் ஊக்கு குத்திய இடத்தைப் பிடித்துக்கொண்டன. பாவி மனிதர், நாங்கள் கூப்பிட்டோம் என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

"அவரை விடுங்க சார். நான்தான் எழுதினேன்."

லேப் அக்கா எழுந்து நின்றிருந்தார். மூன்று நாள் பேசாதவர் குரல் மாதிரியே இல்லை. தெளிவாக இருந்தது.

"பதினொண்ணும் நான்தான். அந்தப் பதினோரு தடவையும் நான் தண்ணி எடுத்தது நிஜம். ஆனா செவ்வாய்க்கிழமை இல்லை. புதன்லயும் வெள்ளியிலயும். அந்த நாள் எல்லாம் கரன்ட் இல்லை சார். ஊதற மிஷின் நின்னுபோச்சு, சவ்வு நின்னுபோச்சு. சாக்கடை வந்தது வந்தபடியே வாய்க்காலுக்குப் போச்சு. நாணல்ல மட்டும் எப்பவும் வர்ற தண்ணி வந்தது. பார்த்ததை அப்படியே பதிவு பண்ணினேன். பெரிய சார் கூப்பிட்டார். கரன்ட் போனது தொழில்நுட்பத்தோட தப்பு இல்லம்மா, அந்த நாளை எடுத்துட்டு வேற நாள் எடுத்ததா சராசரியைப் போட்டுடுன்னு சொன்னார்."

பெரிய இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

"மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை சார். போட்டேன். ஆனா பொய் நம்பரைப் புதன்லயும் வெள்ளியிலயும் போட மனசு ஒப்பலை. அது நான் நிஜமா வேலை செய்யற நாள். அதனால, எந்த லேப்லயும் யாருமே எடுக்காத நாளாப் பார்த்துப் போட்டேன். இந்தச் சோதனையை ஒரே ஒரு தடவை செஞ்சவங்க யார் பார்த்தாலும், என்னம்மா இது, செவ்வாய்க்கிழமையான்னு கேப்பாங்க. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். அறிக்கை ஆறு மேஜைக்குப் போச்சு. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ஒருத்தரும் கேக்கலை."

பாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காது வெளுத்துப் போயிருந்தது.

"நீங்க கேட்டீங்க சார்," என்று லேப் அக்கா அவரைப் பார்த்துச் சொன்னார். "ரொம்ப நாளா எதிர்பார்த்த கேள்வி. உங்க மேல எனக்கு வருத்தமே இல்லை."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வேற நாள் போடச் சொன்னதுக்கு எழுத்துல உத்தரவு இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்லை சார். அவர் ரூம்ல வெச்சுச் சொன்னார்."

"நான் பதிவு ஒழுங்கா இருக்கணும்னுதான் சொன்னேன்," என்றார் பெரிய இன்ஜினியர்.

"முதல்ல எழுதின நிஜ நம்பர்?"

"அதை அழிச்சிட்டுத்தான் இதை அடிச்சேன் சார்."

"பம்ப் ஓடின நேரம் இருக்கே!" என்று பாஸ் கத்தியே விட்டார். "அதைப் பாருங்க. பதிவு விட்டுப்போன அந்தப் பதினோரு புதன், வெள்ளியும் பம்ப் நின்னிருக்கும்!"

தலைவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "நின்னிருக்கு. கரன்ட் போகலைன்னு இங்க யாரும் சொல்லலையே. அன்னிக்கு இந்த அம்மா தண்ணி எடுத்தாங்கன்னு எங்க இருக்கு? கரன்ட் போன நாளையும் கணக்குல சேர்க்கணும்னு ஒப்பீட்டு விதியில எங்க இருக்கு?"

"ஐயா, கரன்ட் போற ஊருக்குத்தானே இதைக் கட்டப் போறீங்க? போகாத நாளை மட்டும் வெச்சு எது நல்லதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"அது உங்க கருத்து. எழுதிக் கொடுங்க, கோப்புல சேர்த்துக்கறேன்." தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டுத் தலையசைத்தார். "தப்பான பதினொண்ணையும் நீக்கிடறோம். மீதி நாப்பத்தொண்ணு. அதுல பார்த்தாலும் சவ்வுதான் முதல். அதனால அறிக்கையின் முடிவுல மாற்றம் இல்லை."

நாற்பத்தொன்றும் கரன்ட் இருந்த நாட்கள். அதில் சவ்வு ஜெயிக்காமல் வேறு என்ன செய்யும்? இது எனக்குத் தெரிகிறது. பாஸுக்குத் தெரிகிறது. ஊக்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த மோட்டார் அண்ணனுக்குக்கூடத் தெரிகிறது. அந்த மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரிடம் மட்டும் அதைச் சொல்ல வழியில்லை. சொன்னால் அது கருத்து.

லேப் அக்காவின் ஒப்புதலை ஒரு பக்கத்தில் எழுதினார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். தலைவர் அதே தாளைப் பாஸ் பக்கம் நகர்த்தினார்.

"தவறைக் கண்டுபிடிச்சவர் நீங்கதானே. சாட்சியாப் போடுங்க."

"நான் இவங்களைக் காப்பாத்த வந்தவன்," என்றார் பாஸ்.

"இருக்கலாம். கண்டுபிடிச்சது பொய்யா?"

பாஸுக்குப் பதிலாக லேப் அக்காதான் சொன்னார். "போடுங்க சார். நீங்க போடலைன்னா மறுபடி அண்ணன்கிட்டப் போவாங்க."

பாஸ் பேனாவை வாங்கினார். பொய்க் கையெழுத்துகளைப் பார்த்தே வயதானவர், தன் சொந்தக் கையெழுத்தைப் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். தடுக்க ஒரு வழி தெரியவில்லை, தேற்ற ஒரு வார்த்தை தெரியவில்லை. நான்கு வருடத்தில் இவ்வளவு உதவாக்கரையாக நான் நின்றதில்லை.

வராந்தாவில் ஜெராக்ஸ் அம்மா பெஞ்சை விட்டு எழுந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர் சுவரோரம் காத்திருந்தார். முன்பே வரச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்காக என்று மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது போல, எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சு?" என்று ஜெராக்ஸ் அம்மா எங்களைக் கேட்டார். பாஸ் வாயைத் திறப்பதற்குள் லேப் அக்கா முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை, அதை நான்தான் எழுதினேன்."

மாமியார் கையை உதறவில்லை. கொஞ்ச நேரம் மருமகளின் முகத்தையே பார்த்தார்.

"எழுதச் சொன்னது யாரு?"

"பெரிய சார்."

"அதை உள்ள சொன்னியா?"

"சொன்னேன். சாட்சி இல்லை அத்தை."

ஜெராக்ஸ் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். முதலில் பாஸை, அப்புறம் என்னை, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணில் கோபமே இல்லை. நிஜமாகவே விவரம் கேட்கிறவர் மாதிரித்தான் மருமகளிடம் கேட்டார்.

"அப்ப இவங்க எதுக்கு?"